கேம்ஸ் நாயகிகளும் மார்க்கெட் கணக்கும்

கம்ப்யூட்டர் கேம்ஸ் விளையாடும் வீடுகளில் லாரா கிராப்டைத் தெரியாதவர்கள் குறைவு. 1996ஆம் ஆண்டு வெளியான டூம் ரைடர் கேமின் நாயகி. பாறைகளைத் தாண்டி, புதிர்களை விடுவித்து, தனியாகவே புதையல் தேடுபவர். ஆனால் விளம்பரங்களில் அவருடைய திறமையைவிட உடல்தான் முன்னால் நின்றது. அவரை வடிவமைத்த டோபி கார்டு 1997லேயே நிறுவனத்தை விட்டு விலகினார். லாராவை விற்ற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏன் இப்படி? வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மார்க்கெட் இதைத்தான் கேட்கிறது.

மார்க்கெட் எப்படிக் கேட்கிறது?

பெரிய கேம் ஒன்றை உருவாக்கப் பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். பணம் போடுவது பெரும்பாலும் பப்ளிஷர். போட்ட பணம் திரும்ப வேண்டுமே! முன்பு எது விற்றதோ, அதையே மறுபடியும் கேட்பார். பிரான்சின் டோன்ட்நாட் நிறுவனம் தன் ரிமெம்பர் மீ (2013) கேமில் ஒரு பெண்ணை நாயகியாக வைத்தது. அது விற்காது என்று சில பப்ளிஷர்கள் மறுத்துவிட்டதாக உருவாக்கியவர்களே சொன்னார்கள். கடைசியில் காப்காம் அதை வெளியிட்டது.

எங்கள் சென்னிமலையில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரியும். போன தீபாவளிக்கு ஓடிய பெட்ஷீட் டிசைனையே வியாபாரி மறுபடியும் ஆர்டர் கொடுப்பார். அதில் தவறில்லை. ஆனால் தறியில் ஏறாத டிசைனை விற்காது என்று எப்படிச் சொல்வது? கடைக்கே வராத பெட்ஷீட்டை யார் வாங்கியிருக்க முடியும்? விற்பனைக் கணக்கில் வெளிவந்த கேம்கள் மட்டுமே இருக்கும். வேறு மாதிரி கேமைத் தேடிக் கிடைக்காமல் போனவர்கள் அதில் இல்லை.

வழி திறந்தது

இன்று யூனிட்டி, அன்ரியல் போன்ற கேம் என்ஜின்களை ஆரம்பத்தில் பணம் கட்டாமலே பயன்படுத்தலாம். சிடி போட்டுக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஸ்டீம் போன்ற ஆன்லைன் கடையில் ஏற்றினால் போதும். அதனால் சிறிய குழுக்களும் துணிந்து இறங்குகின்றன.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், தம்பியை மீட்கப் போராடும் ராஜி என்ற பெண்ணை நாயகியாக்கியது. 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டார்கள்; இலக்கை எட்டவில்லை. விடாமல் உழைத்து 2020ல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டே தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது வெண்பா. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய்தான் நாயகி. கையில் துப்பாக்கி இல்லை. சிதைந்துபோன சமையல் குறிப்பைப் படித்து, இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்க வேண்டும். இதற்கு 2024ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. சமைக்கும் அம்மாவை நாயகியாக்குங்கள் என்று எந்த விற்பனைக் கணக்கும் சொல்லியிருக்காது!

நாம் என்ன செய்யலாம்?

பைரேட் காப்பியில் விளையாடுபவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். காசு கொடுத்து வாங்கும் காப்பிதான் மார்க்கெட்டின் காதில் விழும். ஸ்டீமில் விஷ்லிஸ்ட்டில் சேர்ப்பதும் உருவாக்கியவர்களின் கணக்கில் தெரியும். அடுத்த கேம் வாங்கும்போது மகனிடம் மட்டும் கேட்காதீர்கள். மகளிடமும் கேளுங்கள்.