பூரான் போல ஒரு 'சிப்'. அதன் பாஷை எந்தப் புத்தகத்தில்?

மும்பை கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்தில் இறங்கி லேமிங்டன் ரோட்டுக்கு நடந்தால், இரு பக்கமும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். 40 கால்களுடன் பூரான் போல இருக்கும் ஒரு கறுப்புச் 'சிப்' அங்கே கிடைக்கும். பெயர் 8051. இன்டெல் கம்பெனி 1980-ல் கொண்டு வந்தது. பின்னர் வேறு பல கம்பெனிகளும் இதைச் செய்தன.

பகலில் ஆபீஸ், இரவில் படிப்பு என்று இருப்பவர்கள் இதற்கு 'புரோகிராம்' எழுதப் பழகுவது உண்டு. சிப் சுலபமாகக் கிடைத்துவிடும். சரியான புத்தகத்துக்குத்தான் அலைய வேண்டும்.

தம்பியால் வரும் வம்பு

8051-க்கு ஒரு தம்பி உண்டு. அது 8052. அதற்கும் கால்கள் 40தான். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அண்ணனுக்கு உள்ளே இருக்கும் 'மெமரி' 128 பைட். தம்பிக்கு 256 பைட்.

தம்பிக்காக எழுதிய புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்து, அண்ணனிடம் அதைச் செய்து பார்த்தால் என்ன ஆகும்? இல்லாத அறையில் கணக்கை வைத்தது போலத்தான். போட்டது திரும்பி வராது. எழுதியவர் தன் புரோகிராமில் தப்புத் தேடித் தேடித் தூக்கம் கெடுவார். தப்பு அங்கே இல்லவே இல்லை!

ஆகவே, சிப்பின் முதுகில் உள்ள எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ள வேண்டும். அதே எண்ணுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட 'டேட்டா ஷீட்' வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் இதை இன்டர்நெட்டில் இலவசமாகவே தருகின்றன.

இன்னும் இரண்டு

அது மட்டும் போதாது. எந்தக் கால் எதற்கு, எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை டேட்டா ஷீட் சொல்லும். கட்டளைகளைப் பெரும்பாலும் விளக்காது. அதற்கு இன்டெல்லின் 'எம்.சி.எஸ். 51' குடும்பக் கையேட்டைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

மூன்றாவது, 'எர்ராட்டா' என்ற குறைப் பட்டியல். தங்கள் சிப்பில் உள்ள கோளாறுகளைக் கம்பெனிக்காரர்களே ஒப்புக்கொண்டு எழுதுவது இது. பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட சங்கதிக்கு, இதில் இரண்டு வரியில் பதில் இருக்கலாம்.

கையேடு முழுவதையும் அச்செடுத்தால் பர்ஸ் காலி. 80-ல் தொடங்கும் முகவரி அட்டவணைப் பக்கம் ஒன்றை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிக்கொண்டால் ஆரம்ப வேலைகளில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.