வீட்டுக்காரர் பீஸ் கட்டையை பிடுங்கினால்...?
குடியிருப்பவர் என்ன செய்யலாம்? சட்டம் சொல்வது இதுதான்!

சென்னை,

இரவு 8 மணி. ஆபீசில் இருந்து பஸ்சில் இடிபட்டு வீடு திரும்புகிறார் ஒரு குமாஸ்தா.

தெருவெல்லாம் விளக்கு எரிகிறது. அவருடைய போர்ஷனில் மட்டும் இருட்டு!

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் பரீட்சைக்கு படிக்கிறாள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

"வீட்டுக்காரர் பீஸ் கட்டையை பிடுங்கிட்டுப் போயிட்டாருங்க. மோட்டாரும் போட மாட்டாராம். மாசம் ரெண்டாயிரம் கூட குடுக்கணுமாம். இல்லேன்னா காலி பண்ணணுமாம்" என்று மனைவி கண்ணைத் துடைக்கிறார்.

வாடகைக்கு குடியிருக்கும் பலருக்கு இது தெரிந்த காட்சிதான்.

"அவரு வீடு, அவரு இஷ்டம். நாம என்ன பண்ண முடியும்?" என்று பெட்டியைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

அப்படி பயப்பட வேண்டியது இல்லை. வீடு அவருடையதுதான். ஆனால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தும் உரிமை அவருக்கு கிடையாது!

சட்டம்

1960-ம் ஆண்டு வாடகை கட்டுப்பாடு சட்டத்திலேயே, குடியிருப்பவர் அனுபவித்து வரும் வசதிகளை நிறுத்தக்கூடாது என்று இருந்தது.

அந்த சட்டம் போய், 2017-ம் ஆண்டு புது சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது. அதில் 20-வது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது.

வீட்டுக்காரர் தானாகவோ, ஆள் வைத்தோ அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது. தண்ணீர், மின்சாரம், நடை விளக்கு, மாடிப்படி விளக்கு, லிப்ட், கழிவுநீர் வசதி எல்லாம் இதில் அடக்கம்.

வீட்டுக்கு மட்டும் அல்ல. வாடகை கடைக்கும் இது பொருந்தும்.

வாடகை பாக்கி

"வாடகை பாக்கி வைத்தால்கூடவா?" என்று கேட்கலாம்.

ஆம். பாக்கி இருந்தால் வீட்டுக்காரர் நோட்டீசு கொடுக்கலாம். வாடகை நீதிமன்றத்துக்கு போய் காலி செய்ய உத்தரவு கேட்கலாம். அந்த வழி அவருக்கு திறந்தே இருக்கிறது.

கோர்ட்டு செய்ய வேண்டிய வேலையை பீஸ் கட்டையை வைத்து செய்யக்கூடாது. அவ்வளவுதான்!

என்ன செய்வது?

முதலில் பதற வேண்டாம். நிறுத்தியது யார் என்று பாருங்கள்.

தெரு முழுக்க இருட்டா? உங்கள் போர்ஷனில் மட்டுமா? பில் கட்டாததால் மின்வாரியமே துண்டித்ததா? மின் இணைப்பு எண்ணைச் சொல்லி மின்வாரியத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தால், கைகலப்பு வேண்டாம். நீங்களே மீட்டர் பெட்டியில் கை வைக்கவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து!

செல்போனில் படம் எடுங்கள். தேதி, நேரம் குறித்து வையுங்கள். பக்கத்து போர்ஷன்காரரை சாட்சிக்கு கேளுங்கள். "இணைப்பைத் திரும்பக் கொடுங்கள்" என்று எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

பிறகு வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாத அதிகாரி இவர்.

விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. உடனே இணைப்பைக் கொடு என்று இவர் இடைக்கால உத்தரவு போடலாம். மனு கொடுத்த 1 மாதத்துக்குள் விசாரணையை முடிக்கவேண்டும் என்பதும் சட்டம்.

மிரட்டல், அடிதடி என்று போனால், உடனே 100-க்கு போன் செய்யுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவி மையத்துக்கு போங்கள். போன் எண் 15100. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவி உண்டு.

சுப்ரீம் கோர்ட்டு

மின்சாரம் அடிப்படை வசதி, அதை ஒருவருக்கு மறுக்க முடியாது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காக குடியிருப்பவருக்கு இணைப்பு மறுக்கக்கூடாது. மனு செய்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்பது தீர்ப்பு.

ரசீது

இவ்வளவு உரிமை இருந்தும் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். கையில் ஒரு துண்டு காகிதம் இருக்காது!

வாய்ப்பேச்சில் குடி வராதீர்கள். ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். மாதாமாதம் ரசீது கேளுங்கள். கொடுக்காவிட்டால் பேங்க் மூலம் பணம் அனுப்புங்கள்.

சண்டை வந்ததும் "வாடகை வேணாம், காலி பண்ணு" என்பார் வீட்டுக்காரர். அவர் வாங்க மறுத்தாலும் வாடகையை நிறுத்தாதீர்கள். மணியார்டரில் அனுப்புங்கள். 2 மாதம் தொடர்ந்து வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். நிறுத்தினால் "பாக்கிதாரர்" என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும்!

அந்த குமாஸ்தாவுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்:

பெட்டியைக் கட்டாதீர்கள், சார். நாளைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்!