கப்பி ரோட்டுச் சைக்கிள் வாங்கலாமா?

"இந்த விலைக்கு இரண்டு சைக்கிள் வாங்கி, மிச்சத்தில் ஒரு புடவையும் எடுக்கலாமே!" என்றாள் எதிர் வீட்டு மாமி. அவள் பெண் உத்தியோகத்துக்குப் போய் ஆறு மாதம் சேர்த்த பணம் அது. அவள் ஆசைப்பட்டதோ 'கிராவல் பைக்'. கடைக்குத் துணையாக நானும் போனேன்.

நேயர்களே, நாளைக்கு உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம். ஆகவே கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

கிராவல் என்றால் சரளைக் கல். அமெரிக்காவில் கான்ஸாஸ், அயோவா மாகாணங்களில் பண்ணைகளுக்கு நடுவே சரளை ரோடுகள் ஏராளம். கான்ஸாஸின் எம்போரியா நகரில் 2006-ல் ஆரம்பித்த 200 மைல் பந்தயம் இந்த ரகச் சைக்கிளின் புகழைப் பரப்பியது. ரேஸ் சைக்கிளைப் போல ஆட்டுக்கடாக் கொம்பாக வளைந்த ஹாண்டில். டயர் மட்டும் பருமன், சுமார் 40 மில்லிமீட்டர். தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓடும்.

விலை குறைந்த ரகத்தை எப்படி எடை போடுவது? பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள், அவ்வளவுதான் சூத்திரம்.

மாற்ற முடியாதது பிரேம். ஆளுக்கு அளவு சரியா? அகல டயருக்கு இடம் உண்டா? மட்கார்டும் காரியரும் பூட்டத் துளைகள் உண்டா? அலுமினியமே போதும். வண்டி பத்துப் பன்னிரண்டு கிலோ இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

அடுத்தது பிரேக். மலிவு வண்டியில் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் இருக்கும். எண்ணெயால் இயங்குவதைவிட இதைச் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் ரிப்பேர் சுலபம்.

கியர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் ரகத்தில் பின்னால் எட்டுப் பல்சக்கரம், ஸோராவில் ஒன்பது. கிராவலுக்கென்றே 2019-ல் வந்த ஜி.ஆர்.எக்ஸ். விலை கூடியது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: முன்னாலுள்ள சின்னச் சக்கரத்துக்கு எத்தனை பல்லோ, அத்தனையாவது பின்னாலுள்ள பெரிய சக்கரத்துக்கு இருக்கட்டும். மேட்டில் மூச்சு வாங்காது.

ஹெல்மெட், விளக்கு, பூட்டு, பம்பு எல்லாம் தனிச் செலவு. சில வண்டிகளில் பெடல்கூடத் தனி! அவற்றையும் கூட்டினால்தான் உண்மை விலை.

கடைக்காரர் உயர்ந்த ரகம் ஒன்றைத் தள்ளுபடியில் காட்டினார். மாமியின் முகம் மலர்ந்தது. பெண் ஏறி உட்கார்ந்தாள். ஹாண்டிலை எட்டுவதற்குள் முதுகு வில்லாய் வளைந்தது. ஆறடி ஆளுக்கான பிரேம்!

"ரவிக்கையானால் பிடித்துத் தைக்கலாம். இதை என்ன செய்வது?" என்றாள் மாமி. ஒரு நொடியில் சூத்திரத்தைப் புரிந்துகொண்டு விட்டாள். அவள் பெண்ணின் அளவுக்கு இருந்த சாதாரண ரகத்தையே வாங்கினோம்.

கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் மட்டுந்தான் என்றால் உங்களுக்கு இந்த வண்டியே வேண்டாம். சாதாரணச் சைக்கிளே லாபம். மாமியின் பெண்ணோ ஞாயிறுதோறும் ஏரிக்கரை மண் ரோட்டில் பறக்கிறாள்.

"கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்குத்தான் அவள் வீட்டில் இருப்பதே இல்லை!" என்று மாமி குறைப்பட்டுக் கொள்கிறாள்.