கண்ணாடி போதாது, நாற்காலி வேண்டும்



காலை ஆறு மணிக்குச் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் நின்றால், நம் பெண்களின் நாள் எப்படித் தொடங்குகிறது என்று தெரியும். அம்பத்தூருக்கு ரயில் ஏறுகிறவர்கள், காக்களூர் சிட்கோவுக்குப் போகிறவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி வண்டிக்காக நிற்கிறவர்கள். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் போன். போனில் ஒரு வீடியோ, ‘உன் உடம்பை அப்படியே நேசி’ என்கிறது. அடுத்தது, ‘21 நாளில் உடம்பைச் சுத்தம் செய்’ என்கிறது. முதலாவதற்குப் பெயர் பாடி பாசிட்டிவிட்டி, அதாவது உடலை உள்ளபடி ஏற்பது. இரண்டாவதற்குப் பெயர் வெல்னஸ். எதிரெதிராகத் தெரியும் இவை எப்படிக் கைகோத்தன, நம் உடல் இதில் எங்கே இருக்கிறது என்பதையே இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம்.

உடலை ஏற்கச் சொன்ன குரல் உரிமைக் குரலாகவே பிறந்தது. 1969இல் அமெரிக்காவில் பருத்த உடல் கொண்டவர்கள், தாங்கள் ஒதுக்கப்படுவதை எதிர்த்துச் சங்கம் அமைத்தார்கள். ஜானி டில்மன் என்ற கறுப்பினப் பெண் சலவைத் தொழிலாளியாக இருந்தவர். அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்த்த தாய்மார்களின் தலைவரானவர். 1972இல் எழுதிய கட்டுரையில் தன் நிறத்தையும் வறுமையையும் பருமனையும் ஒன்றாக நிறுத்திப் பேசினார். உடல்மீதான இழிவைச் சமூக இழிவிலிருந்து பிரிக்க முடியாது என்பதற்கு அது சாட்சி.

வெல்னஸ் வேறு வழியில் வந்தது. ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1961இல் எழுதிய நூல் அச்சொல்லைப் பரப்பியது. நோயில்லாமல் இருப்பது மட்டும் போதாது, மேலும் உயர்ந்த நலத்தை நோக்கிப் போக வேண்டும் என்றார் அவர். எண்ணம் நல்லதுதான். ஆனால் முடிவே இல்லாத பாதை என்றால், வழிநெடுகக் கடை போடலாம். சந்தை அதைத்தான் செய்தது.

இரண்டும் சந்தித்த இடத்தை நம் வீட்டு அலமாரியிலேயே பார்க்கலாம். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பைக் கொண்டுவந்தது. 2009இல் சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் எழுந்தது. 2020இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுச்சி உலகை உலுக்கியபோது, அந்தக் களிம்பு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. வெண்மை போய்ப் பொலிவு வந்தது. களிம்பு மட்டும் கடையை விட்டுப் போகவில்லை. கருப்பை இழிவுபடுத்தாதே என்று கேட்டவர்களுக்குச் சந்தை நலத்தின் மொழியில் பதில் சொன்னது. வெண்மையை எதிர்க்கலாம், பொலிவை யார் எதிர்ப்பது?

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வெல்னஸ் அடிக்கடி உச்சரிக்கும் சொல் ‘சுத்தம்’. சுத்த உணவு, சுத்த உடல். தீட்டு என்ற அளவுகோலை ஏற்கனவே கையில் வைத்திருக்கும் சமூகத்தில் இந்தச் சொல் வெறுங்கையோடு வராது. நம் தட்டிலிருக்கும் மாட்டுக்கறி அசுத்தமாகிவிடுகிறது. ஏழை வீட்டுக் கேழ்வரகுக் கூழோ, ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த காலத்தில் பளபளப்பான பாக்கெட்டில் ஏறியது. உணவுக்கு மதிப்பு வந்தது. அதைக் குடித்து உழைத்தவர்களுக்கு வரவில்லை.

இந்த இரண்டு பேச்சுகளுமே உடலைத் தனி ஒருத்தியின் பொறுப்பாக்குகின்றன. நேசிக்க வேண்டியவளும் அவள், திருத்த வேண்டியவளும் அவள். அவள் எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலியோடு வந்த பெண்களுக்குப் பெயர்கூட இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது. ஓய்வு கேட்ட உடலுக்கு மாத்திரை கிடைத்தது, மிஷின் நிற்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்தபோது கொண்டுவந்த திருத்தம், 1946இல் ஆலைகளின் வார வேலை நேரத்தை 54இலிருந்து 48 மணியாகக் குறைத்தது. உழைக்கும் உடலுக்கு அவர் தந்த மரியாதை அது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. உடல்நலத்துக்கான போராட்டம் என்று நாம் இதைச் சொல்வோம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி தர வேண்டும் என்றது. கடைகளில் நிற்கும் பெண்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021இல்தான் சட்டமாக்கியது. ஒரு நாற்காலிக்கு இத்தனை காலம்!

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நம் வீடுகளிலும் உண்டு. நடப்பதும் வேளைக்கு மருந்து சாப்பிடுவதும் தேவைதான். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பெருமைப்படும் நம் பெண்ணைக் கண்டால் நமக்கும் மகிழ்ச்சியே. அவள் பாட்டிக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை கண்ணாடியோடு நின்றுவிட்டால், அதைச் சந்தை எடுத்துக்கொள்ளும். உட்கார நாற்காலி, கூச்சமில்லாமல் போகக் கழிவறை, எட்டு மணி நேர வேலை, வயிறார உணவு. உடலை மதிப்பது என்றால் இவற்றைக் கேட்பது.

நாளைக் காலை ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள். உன் லைனில் உட்கார இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.