பூரணம் பொதிந்த முட்டையடை

வீட்டை விட்டுப் பிரிந்து அறை எடுத்துத் தங்கிப் பயிலும் மாணவர்க்கு இரவுப் பசி ஒரு பெருஞ் சோதனையாகும். உண்டிச்சாலைகள் கதவடைத்த பின்னரே அது தலைகாட்டும். சென்னைப் பெசன்ட் நகரில், கடற்கரையை அடுத்த தெருவொன்றில் மாடியறை ஒன்றை வாடகைக்குக் கொண்டு யாம் நால்வர் வசித்த நாட்களில், எம்மிடமிருந்த சமையற் கருவிகள் ஓர் அடுப்பும், மூடியோடு கூடிய ஓர் இரும்புச் சட்டியும், ஒரு தோசைத் திருப்பியுமே. அவற்றைக் கொண்டு யாம் வருந்திக் கற்ற பண்டம் ஒன்று உண்டு. ஆம்லெட் என்று யாவரும் வழங்கும் முட்டையடையினுள்ளே காரமான பூரணத்தைப் பொதிந்து மடிப்பதே அது. அதனைச் செய்யும் முறையையும், அதில் யாம் இழைத்த பிழையையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பெசன்ட் நகரில் இருந்துகொண்டு முட்டையையும் இறாலையும் பற்றிப் பேசுவதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்நகர்க்குப் பெயரளித்த அன்னி பெசன்ட் அம்மையார் (1847–1933) புலால் மறுத்தவர். மரக்கறி உணவின் மேன்மை குறித்துச் சொற்பொழிவும் ஆற்றியவர். பின்னாளில் அவர் தலைமை வகித்த பிரம்மஞான சபை, 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றில் வந்தமர்ந்தது. ஆயினும் அச்சபையை நிறுவினோருள் ஒருவராகிய கர்னல் ஆல்காட்டின் பெயரைத் தாங்கி, எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாற்றுக் கழிமுகத்தை நோக்கி இருப்பது ஒரு மீனவர் குப்பம்! ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் அவ்விடத்தில், படகுகள் கரையேறியபின் பெண்டிர் மீனும் இறாலும் விற்பர். எமது பூரணம் அங்கிருந்தே வந்தது.

நிற்க. நம் கடைத்தெரு ஆம்லெட்டில் வெங்காயமும் பச்சைமிளகாயும் முட்டையோடு சேர்த்தே அடிக்கப்படும். குழிந்த இரும்புக் கரண்டியில் ஊற்றி உப்பலாக எடுக்கும் கரண்டி ஆம்லெட்டும் அவ்வினத்ததே. மதுரையில் பெயர்பெற்ற கறிதோசையோ, மாவின்மேல் முட்டையையும் கொத்துக்கறியையும் பரப்பி வேகவிடுவது. யாழ்ப்பாணத்தார் ஆம்லெட்டையே முட்டைப் பொரியல் என்பர். அப்பெயரைக் கேட்ட நம்மவர் உதிர்த்துக் கிளறிய முட்டையை எதிர்பார்த்து ஏமாறுவதுண்டு. யாம் கூறவந்த பண்டம் இவற்றின் வேறானது. இதில் முட்டை தனியே ஒரு போர்வை. பூரணம் தனியே அதனுள் அடங்கும் பொதி.

முதன்முதல் முயன்ற இரவில் பசி மிகுதியாற் பொறுமை இழந்தோம். உரித்த இறாலையும் நறுக்கிய தக்காளியையும் பச்சையாகவே முட்டையின்மேல் இட்டு மடித்தோம். வெளிப்புறம் பொன்னிறம் கண்டதும் இறக்கிப் பங்கிட்டோம். தக்காளி நீர்விட்டு முட்டை கிழிந்தது, அது பொறுக்கத்தக்கது. உள்ளிருந்த இறால் சாம்பல் நிறம் மாறாதிருந்ததை மங்கிய விளக்கொளியில் யாம் கவனித்திலோம். மறுநாள் எம்முள் இருவர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஒருவர் இரண்டு நாள் மருத்துவமனையிற் கிடந்தார்; அவர் எழுத வேண்டிய தேர்வொன்று எழுதப்படாமலே கழிந்தது.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னரே ஆராய்ந்தோம். அடித்துக் கலந்த முட்டை ஏறக்குறைய 70 பாகை செல்ஷியஸ் வெப்பத்தில் உறைந்துவிடும். சூடேறிய சட்டியில் மெல்லிய படலமாகப் பரவிய முட்டைக்கு அதனை எய்த ஓரிரு நிமிடமே போதும். நடுவே குவிந்து கிடக்கும் பூரணமோ, முட்டையால் மூடப்பட்டமையின், அச்சிறு பொழுதில் வெதுவெதுப்பாகுமேயன்றி வேகாது. அது வேகட்டும் என்று காத்திருப்பின் முட்டை தன் நீரைக் கக்கி ரப்பர்போல் விறைத்துப்போம். ஆகலின், முட்டையைச் சேருமுன்னரே பூரணம் முற்றும் வெந்ததாகவும், நீர் வற்றியதாகவும், சூடு ஆறாததாகவும் இருத்தல் வேண்டும். பின்னிரண்டில் ஒன்று குறையின் பண்டம் கெடும். முன்னது குறையின் உண்பவர் கெடுவர்.

இருவர்க்கு நான்கு முட்டையும், உரித்த இறால் 150 கிராமும் போதுமானவை. இறாலின் முதுகைக் கீறி, அங்கே ஓடும் கருங்குடலை நீக்கிக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிசறி வைக்க. சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவிட்டுக் கறிவேப்பிலை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் இரண்டு ஆகியவற்றை வதக்குக. பின்னர் இஞ்சிபூண்டு விழுது அரைத் தேக்கரண்டியும், மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டியும், சிறு தக்காளி ஒன்றும் சேர்த்து, தக்காளி கரைந்து எண்ணெய் பிரியுமளவும் கிளறுக. (தக்காளியை எக்காலத்தும் விலக்கிவிடல் நன்று என்பார் எம்முள் ஒருவர். யாம் உடன்படோம், அதன் புளிப்பின்றி இறால் சோபிப்பதில்லை.) இனி இறாலை இட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்க, அது சுருண்டு செந்நிறங் கொள்ளும். இந்நிறம் புதிதாக வந்ததன்று. புரதத்தோடு பிணைந்து மறைந்திருந்த சாயத்தை வெப்பம் விடுவித்ததே. பெரிய இறாலொன்றைப் பிளந்து, நடுவிலும் கண்ணாடித்தன்மை நீங்கி வெண்மை கண்டதா என்று பார்த்தல் வேண்டும். நீர் வற்றியதை அறிய, கரண்டியால் பூரணத்தின் நடுவே ஒரு கோடு கீறுக. கோட்டினுள் நீர் ஊறி வாராதாயின் வற்றியதென்று கொள்க. மிளகுப்பொடியும் கொத்தமல்லியும் தூவி, ஒரு கிண்ணத்தில் மாற்றி மூடி வைக்க.

முட்டை பழையதோ புதியதோ என ஐயுறின், நீரில் இட்டுப் பார்க்கலாம். புதியது அடியிற் படுத்துக் கிடக்கும். நாட்பட்டது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளீரம் வெளியேற, அவ்விடத்தைக் காற்று நிரப்புவதே காரணம். மிதப்பதை எறிந்துவிடுக.

ஓரடைக்கு இரண்டு முட்டை கொண்டு, ஒரு சிட்டிகை உப்பிட்டு, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும்வரை அடித்தாற் போதும். சட்டியைத் துடைத்து, மிதமான தீயில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சுற்றிலும் தடவி ஊற்றுக. ஓரங்கள் உறைந்தவுடன் திருப்பியால் அவற்றை நடுவே ஒதுக்கிச் சட்டியைச் சாய்க்க, மேலே நிற்கும் பச்சை முட்டை வெற்றிடத்தில் ஓடி நிரம்பும். ஓட்டம் நின்று, மேற்புறத்தில் ஈரப் பளபளப்பு மட்டும் எஞ்சும் தருணமே பூரணம் இடும் தருணம். பூரணத்தில் பாதியை ஒருபுறத்து அரைவட்டத்தில் மட்டும் பரப்பி, மறுபாதியை அதன்மேல் மடித்து, தீயைத் தணித்து, மூடியிட்டு ஒரு நிமிடம் விடுக. அந்த ஈரமே பசைபோல் நின்று இருபாதியையும் ஒட்டுவிக்கும். பூரணத்தின் சூடு உட்புறத்து முட்டையையும் உறையச் செய்யும். முற்றும் உலர்ந்தபின் மடிப்பின் அடை முதுகில் வெடித்துவிடும். பூரணம் அளவு மிஞ்சினும் அவ்வாறே. எம்முள் ஒருவர் இதனை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

இறால் ஒவ்வாதவர் சிலர் உளர். அவர்க்கு முருங்கைக்கீரை தக்கது. உருவிய கீரையை வெங்காயத்தோடும் பூண்டோடும் வதக்கி, ஈரம் வற்றியபின் தேங்காய்த்துருவல் சேர்த்து மேற்கூறியவாறே பொதியலாம். முட்டையொன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டாகையால், நம் மாநிலப் பள்ளிகளின் சத்துணவில் 1989-ஆம் ஆண்டு முட்டை சேர்ந்தமை தகுதியே. கீரையும் கூடின் ஓர் இரவு உணவுக்குக் குறையொன்றுமில்லை. மருத்துவமனையிற் கிடந்த நண்பர் இன்றளவும் முருங்கைக்கீரைப் பூரணத்தையே கேட்கிறார்; அதனையும் மடிக்குமுன் ஒருமுறை தம் கையாற் கிளறிப் பார்த்துக்கொள்கிறார்.