வேடந்தாங்கல் காட்டும் வழி

நாள்தோறும் செவிக்கு எட்டும் செய்திகளுள் போரும் பேரிடரும் உயிரினங்களின் அழிவுமே மிகுதி. அவற்றைக் கேட்கும் உள்ளம், 'நம்மால் ஆவது யாது?' எனச் சோர்வடைதல் இயல்பு. அச்சோர்வை நீக்கும் வழியை மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் காட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அவ்வூர் ஏரியில் கூடு கட்டிய நாரை முதலிய பறவைகளை ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டு வீழ்த்தினர். ஊர்மக்கள் அஞ்சி ஒடுங்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டனர். அதன் பயனாக, பறவைகளைக் காக்கும் உரிமை 1798இல் அவர்களுக்கு எழுத்து வடிவில் வழங்கப்பட்டது.

அவர்களது பரிவு வீண்போகவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயல்களுக்கு உரமாயிற்று. பறவைகள் வெருளாதிருக்க, தீபாவளியன்றும் வெடி வெடிப்பதை அவ்வூரார் தவிர்த்து வருகின்றனர். 2022இல் வேடந்தாங்கல், பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது.

உலகெங்கும் நிகழும் வேட்டையைத் தடுத்தல் அவ்வூராரால் இயலக்கூடியதன்று; தம் ஏரியில் அது நிகழாதவாறு காத்தல் இயன்றது. அதனை அவர்கள் தலைமுறைதோறும் செய்தனர். தீமையைக் கண்டும் உளம் தளராது, தம் கைக்கு எட்டிய உயிர்களிடம் அருள் காட்டத் துணிவதே நன்னம்பிக்கை.