பண்டிகைச் சுவையுடன் ஊறவைத்த ஓட்ஸ்: கமக்காரர் வீட்டுக்கு ஒரு காலை உணவு

சூடடிப்புக் காலத்தில் நெற்செய்கையாளர் விடியுமுன்னரே வயலுக்குச் செல்கின்றனர். மரக்கறித் தோட்டக்காரரோ, பறித்த காய்களைச் சந்தைக்கு அனுப்புதற் பொருட்டு அதற்கும் முன்னரே எழவேண்டியவராகின்றனர். இவர்களுட் பலர் ஒரு கோப்பைத் தேநீரை மாத்திரம் அருந்திவிட்டு, வெயில் ஏறும்வரை வெறும் வயிற்றுடன் வேலை செய்வது கிராமங்களிற் சாதாரணமாகக் காணப்படுவதொன்றாகும். பாடசாலைக்கு விரையும் பிள்ளைகளும் சில வேளைகளில் அவ்வாறே செல்கின்றனர்.

வீட்டுப் பெண்களின் நிலை இதனினும் கடினமானது. இடியப்பமோ பிட்டோ காலையில் ஆயத்தமாயிருக்க வேண்டுமாயின், நான்கு மணிக்கே அடுப்பு மூட்டவேண்டும். பண்டிகையை அடுத்த நாள்களில், விருந்தினரும் வந்திருக்கும்போது, இவ்வேலை இரட்டிப்பாகின்றது. அறுவடையும் பண்டிகையும் ஒன்றாய் வரும் தை மாதத்தில், வயல் வேலையும் அடுக்களை வேலையும் ஒருங்கே அவர்கள்மேற் சுமத்தப்படுகின்றன. முதல்நாள் இரவிற் சிறிது நேரத்திற் கலந்துவைத்து, மறுநாட் காலையிற் பண்டிகை உணவின் சுவையுடன் உண்ணத்தக்க ஓர் உணவு இத்தகைய வீடுகளுக்குப் பெரிதும் உதவும். அத்தகைய உணவு யாது என்பதையும், அதனைச் செய்யும்போது கைக்கொள்ள வேண்டிய அவதானங்களையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஊறவைத்து உண்ணும் வழக்கம்

தானிய உணவை இரவில் நீரிலிட்டு வைத்துக் காலையில் உண்ணும் வழக்கம் கமக்காரருக்குப் புதியதன்று. இரவில் நீரூற்றி வைத்த பழஞ்சோற்றை வெங்காயத்துடனும் பச்சைமிளகாயுடனும் உண்டு வயலுக்குச் சென்றவர்களே முன்னைய தலைமுறையினர். சுவிற்சர்லாந்து தேசத்து வைத்தியரான மக்ஸிமிலியன் பேர்ச்சர்-பென்னர் (1867–1939) என்பவர் 1900ஆம் ஆண்டளவில் இதனையொத்த ஒரு முறையை ஓட்ஸுக்குக் கைக்கொண்டார். சூரிச் நகரிலே தம்மிடம் வந்த நோயாளருக்கு, ஒரு கரண்டி ஓட்ஸை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, காலையில் துருவிய அப்பிள், எலுமிச்சஞ்சாறு, பருப்பு வகை, சிறிதளவு கட்டிப்பால் என்பன சேர்த்துக் கொடுத்தார். இன்று பல நாடுகளிலும் உண்ணப்படும் ஊறவைத்த ஓட்ஸ் இம்முறையின் வழிவந்ததே.

ஓட்ஸ் குளிர்ந்த, ஈரலிப்பான நாடுகளின் தானியம். ஸ்கொத்லாந்தில் அது நீண்டகாலமாகப் பிரதான உணவாயிருந்தது. வறுத்த ஓட்ஸ், பாலாடை, தேன், பழம் என்பன சேர்ந்த ‘கிரானகன்’ என்னும் இனிப்பு அந்நாட்டவரின் அறுவடை மகிழ்ச்சியுடன் தொடர்புடையது. நெல் விளைவிப்போருக்குப் பொங்கல் எவ்வாறோ, ஓட்ஸ் விளைவிப்போருக்கு அவ்வினிப்பு அவ்வாறு என்று கூறலாம். இந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் ஓட்ஸ் இறக்குமதியாவது. ஆதலின் அதனை நாடோறும் வாங்குதல் எல்லார்க்கும் இயலாது. அதற்கு ஈடாக வயலில் விளைந்த நெல்லையே பயன்படுத்தும் முறையும் பின்னர்க் கூறப்படும்.

எவ்வகை ஓட்ஸ் ஏற்றது?

கடைகளிற் கிடைக்கும் தட்டை ஓட்ஸ், ஆலையில் ஆவியில் அவித்து உருளைகளால் நசுக்கப்பட்டதாகும். ஆதலின் அடுப்பில் வைக்காமல், ஊறவைத்த மாத்திரத்தே உண்ணத்தக்க பதத்தை அடைகின்றது. துண்டுகளாக வெட்டிய ஓட்ஸ் இதற்கு ஏற்றதன்று; அது நன்கு வேகவேண்டும். சீனியும் வாசனையும் முன்னரே கலந்த பொதிகளையும் தவிர்த்தல் நன்று. அவற்றில் இனிப்பின் அளவை வீட்டார் தீர்மானிக்க இயலாது.

ஓட்ஸில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 13 கிராம் புரதமும் 10 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. ஊறும்போது அது கூழ்போற் தடிப்பதற்குக் காரணம் பீற்றா குளூக்கன் என்னும் கரையும் நார்ப்பொருளாகும். அது உணவு சமிக்கும் வேகத்தைத் தணித்துப் பசியை நெடுநேரம் அடக்குகின்றது. குருதியிலுள்ள கொலஸ்திரோலைக் குறைக்கவும் உதவுகின்றது.

பொங்கற் சுவையுடன் ஓட்ஸ்

சர்க்கரைப் பொங்கலின் சுவை அரிசியினால் மாத்திரம் உண்டாவதன்று. வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய், நெய்யிற் பொரித்த கஜு என்னும் இவையே அதற்குரிய மணத்தையும் சுவையையும் கொடுக்கின்றன. இவற்றை ஓட்ஸுடன் சேர்ப்பின் அதே சுவை உண்டாகும்.

நால்வருக்குத் தேவையான பொருள்கள்:

தட்டை ஓட்ஸ் – 2 கோப்பை
காய்ச்சி ஆறிய பால் – 2 கோப்பை (பால்மாவிற் கரைத்ததும் ஆகலாம்)
தயிர் – அரைக் கோப்பை
வறுத்து உடைத்த பயறு – 3 மேசைக்கரண்டி
சீவிய பனங்கட்டி – 4 மேசைக்கரண்டி
முந்திரிகை வற்றல் – 2 மேசைக்கரண்டி
கஜு – 2 மேசைக்கரண்டி
தேங்காயின் முதற்பால் – 1 கோப்பை
ஏலக்காய் – 3
நெய் – 1 தேக்கரண்டி
கதலி வாழைப்பழம் – 4
உப்பு – ஒரு சிட்டிகை

இரவிற் செய்யவேண்டியவை: இரவுச் சமையலின்போதே பயற்றை மென்மையாகும்வரை அவித்து நீரை வடித்து ஆறவிடுக. பயறு முதலிய பருப்பு வகைகளை அவியாது ஊறவைத்து மாத்திரம் இவ்வுணவிற் சேர்த்தலாகாது. கஜுவை நெய்யிற் பொன்னிறமாகப் பொரித்து, ஈரமற்ற தகரப்பேணியில் இட்டு மூடிவைக்க. பின்னர் ஓட்ஸ், பால், தயிர், அவித்த பயறு, கழுவிய முந்திரிகை வற்றல் என்பவற்றைக் கண்ணாடிப் போத்தலிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ இட்டுக் கலந்து, குளிர்சாதனப்பெட்டியினுள் வைக்க. ஆறு மணி நேரத்தில் ஓட்ஸ் போதியளவு ஊறிவிடும். வற்றலும் பருத்துத் தன் இனிப்பைப் பாலில் இறக்கும்.

காலையிற் செய்யவேண்டியவை: பனங்கட்டியைக் கால் கோப்பை நீரிற் கரைத்துக் கொதிக்கவைத்து, மண்ணும் தும்பும் நீங்க வடித்துக்கொள்க. அப்பாணியுடன் அப்போது பிழிந்த முதற்பாலையும் உப்பையும் சேர்த்து, மெல்லிய நெருப்பிற் கிளறிக்கொண்டே சூடாக்குக. ஓரங்களிற் குமிழி தோன்றியவுடன் இறக்கிவிடல் வேண்டும். பொங்கிக் கொதிக்கவிடின் பால் திரிந்துவிடும். அரைத்த ஏலக்காயை அதில் இடுக. ஊறிய ஓட்ஸை நான்கு கிண்ணங்களிற் பங்கிட்டு, இச்சூடான பாலை அவற்றின்மேல் ஊற்றி, வாழைப்பழத் துண்டுகளையும் கஜுவையும் பரப்புக. காலையில் வேலை முடிவதற்குக் கால் மணி நேரமே செல்லும்.

வட்டிலப்பச் சுவையுடன் ஓட்ஸ்

நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகிய தினங்களில் இந்நாட்டு முஸ்லிம் மக்களின் வீடுகளிற் சிறப்பிடம் பெறுவது வட்டிலப்பம். தேங்காய்ப்பால், முட்டை, கித்துட் கருப்பட்டி, ஏலக்காய், சாதிக்காய் என்பன சேர்த்து ஆவியில் அவிக்கப்படும் இவ்வினிப்பின் சுவையையும் ஓட்ஸுக்கு ஊட்டலாம். மேற்கூறிய முறையிற் பயற்றை நீக்கி, பனங்கட்டிக்குப் பதிலாகக் கித்துட் கருப்பட்டியையும், ஏலக்காயுடன் சிறிது துருவிய சாதிக்காயையும் சேர்த்தல் வேண்டும். சாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேற்படலாகாது. பச்சை முட்டையை இதில் எக்காரணம் கொண்டும் கலத்தலாகாது. வட்டிலப்பத்தில் முட்டை அவிந்துவிடுகின்றது. ஊறவைக்கும் உணவில் அவ்வாறு அவிவதற்கு வழியில்லை.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகளில்

இப்பகுதியே மிக்க கவனத்துடன் வாசிக்கற்பாலது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளை அவ்வாறே பின்பற்றுவது இந்நாட்டின் வெப்பத்திற்கு ஒவ்வாது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைவிற் பெருகும். பாலும் தேங்காய்ப்பாலும் கலந்த ஓட்ஸை அடுக்களை மேசையில் இரவு முழுதும் வைத்திருப்பின், காலையில் அது கெட்டிருக்கும். கெட்டது மணத்திலும் சுவையிலும் எப்போதும் புலப்படும் என்று எண்ணுவதும் தவறு. வேலை மும்முரமான அறுவடை நாளில் வீட்டார் யாவரும் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் வருந்துவார்களாயின், மிச்சப்படுத்திய நேரத்தினும் பன்மடங்கு நேரமும் பணமும் வீணாகும். சிறு பிள்ளைகளுக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

ஆதலின் குளிர்சாதனப்பெட்டி இல்லாதோர் நனைந்த பொருள் எதனையும் இரவிற் கலந்துவைத்தலாகாது. ஓட்ஸ், கழுவாத முந்திரிகை வற்றலைத் தவிர்ந்த உலர்ந்த கஜு, சீவிய பனங்கட்டி, ஏலக்காய்த்தூள் என்பவற்றை மாத்திரம் உலர்ந்த பாத்திரத்தில் இட்டு மூடிவைக்கலாம். பனங்கட்டி மண்ணும் தும்புமற்றதாய் இருத்தல் வேண்டும். காலையில் தேநீருக்கு நீர் கொதிக்கும்போது, 2 கோப்பை ஓட்ஸுக்கு 3 கோப்பை கொதிநீரை ஊற்றி, கழுவிய வற்றலையும் சேர்த்து, இறுக மூடிக் கால் மணி நேரம் வைப்பின் அது பதமாய் ஊறிவிடும். அப்போது பிழிந்து சூடாக்கிய தேங்காய்ப்பாலைச் சேர்த்து உடனே உண்ணலாம்.

குளிர்சாதனப்பெட்டி உள்ளோரும் மின்தடையை மறத்தலாகாது. மூடியபடியே இருக்கும் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். தடை அதனினும் நீடித்ததாயின் பாற்கலவையை எறிந்துவிடுதலே அறிவுடைமை.

சொந்த நெல்லில் அவல்

கடையில் ஓட்ஸ் வாங்க இயலாதோருக்கும் விரும்பாதோருக்கும் சிவப்பரிசி அவல் மிகப் பொருத்தமானது. நெல்லை ஊறவைத்து, வடித்து, சூடான சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் இடித்துப் புடைத்தெடுப்பது அவல். ஓட்ஸைப் போன்று இதுவும் வெப்பத்தில் ஒருமுறை பதப்பட்டதாதலின், ஊறிய மாத்திரத்தே உண்ணலாம். தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுக்கும் வீடுகளில், புதுநெல்லில் ஒரு பங்கை அவலாக இடித்து வைத்துக்கொள்ளின் பல வாரங்களுக்குக் காலை உணவுக்கு உதவும். ஈரம் புகாத பாத்திரத்தில் அதனைச் சேமித்தல் வேண்டும்.

அவலை இரவு முழுதும் ஊறவைக்க வேண்டியதில்லை. நால்வருக்கு 3 கோப்பை தடித்த அவலைக் காலையிற் கழுவி, அது நனையுமளவு சுடுநீர் தெளித்துக் கால் மணி நேரம் மூடிவைத்தாற் போதும். பின்னர் வடித்த பனங்கட்டிப் பாணி, சூடாக்கிய தேங்காய்ப்பால், ஏலக்காய், கதலிப்பழம் என்பவற்றை முற்கூறிய அளவிற் சேர்க்க. நார்ப்பொருளில் அவல் ஓட்ஸுக்குக் குறைந்ததே. அவித்த பயற்றை அதனுடன் சேர்த்தால் அக்குறை ஓரளவு நீங்குவதோடு புரதமும் கூடும். நெல்லும் தேங்காயும் வாழையும் பயறும் சொந்தக் காணியிலேயே விளைவதாயின், இவ்வுணவுக்குக் கடையிற் கொள்ளவேண்டியவை மிகச் சிலவே.

இனிப்பின் அளவு

பனங்கட்டியும் கித்துட் கருப்பட்டியும் வெள்ளைச் சீனியினும் சுவையும் மணமும் மிக்கவை. எனினும் அவையும் பெரும்பாலும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது. ஒருவர் நாளொன்றுக்குப் பெறும் சக்தியிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே சேர்த்த சர்க்கரையிலிருந்து கிடைக்கவேண்டும் என்றும், அதனை ஏறத்தாழ 25 கிராம் அளவுக்குக் குறைப்பின் மேலும் நன்மையுண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இங்குக் கூறிய அளவின்படி ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டி பனங்கட்டியே சேர்கின்றது. அதனைக் கூட்ட வேண்டாம். மேலும் இனிப்பு வேண்டுவோர் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம்.

நீரிழிவு உள்ளோர் பனங்கட்டியையும் வற்றலையும் நீக்கி, பாதி வாழைப்பழத்துடனும் ஏலக்காயின் மணத்துடனும் உண்ணல் வேண்டும். தேங்காய்ப்பாலையும் அவர்கள் குறைத்துக்கொள்ளல் நன்று. பண்டிகையின் மணம் இனிப்பிலன்றி ஏலக்காயிலும் நெய்யிற் பொரித்த கஜுவிலும் உள்ளதாதலின், இம்மாற்றத்தால் சுவை பெரிதுங் கெடாது.

பப்பாசி, தோடை முதலிய பழங்களிலுள்ள உயிர்ச்சத்து சீ, தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகின்றது. தேநீரோ அதற்குத் தடையாகின்றது. ஆதலின் இவ்வுணவுடன் ஒரு துண்டு பப்பாசியை உண்டு, தேநீரை ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் சிறந்தது. வயலுக்குத் தேநீர் கொண்டுசெல்லும் வழக்கமுள்ள கமக்காரருக்கு இது கடினமான மாற்றமன்று.

நினைவிற் கொள்ளவேண்டியவை

நனைந்த கலவையைக் குளிரில் வைக்கவேண்டும். குளிர்சாதனப்பெட்டி இல்லையெனிற் காலையிற் கொதிநீரில் ஊறவைக்கவேண்டும். தேங்காய்ப்பாலை எப்போதும் காலையிலேயே பிழியவேண்டும். பயற்றை அவித்தே சேர்க்கவேண்டும். குளிரில் வைத்த கலவையை இரண்டு நாள்களுக்குள் உண்டு முடிக்கவேண்டும்.

இவ்வளவும் கைக்கொள்ளப்படுமாயின், வயலுக்குச் செல்வோர் வயிறு நிறைந்து செல்வர்; பிள்ளைகள் பசியின்றிப் பாடம் கேட்பர்; பண்டிகைக் காலத்து விடியலில் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு மணி நேர உறக்கம் கூடுதலாகக் கிடைக்கும். கிண்ணங்களைப் பரிமாறும் அவர்களும் ஏனையோருடன் அமர்ந்து, உணவு சூடாயிருக்கும்போதே உண்ணல் வேண்டும்.